காலைக் கடித்த ஜோடு

உயிருள்ள பிராணிகளில் கடிக்கக் கூடியவை அநேகம். நாய் கடிக்கும், பாம்பு கடிக்கும், எறும்புகூடக் கடிக்கும். ஆனால், உயிர் போன பிறகும் கடிக்கும் சக்தியைப் பகவான் மாட்டுக்கு மட்டுந்தான் கொடுத்திருக்கிறார். உயிரோடு இருந்த வரையில் யாரையும் கடித்தறியாத பரம சாது அது. செத்த பின் தோலைப் பதனிட்டு, தைத்து, கறுப்புச் சாயம் பூசி, கடையில் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார வைத்ததும், எங்கிருந்தோ அதற்குப் பல் முளைத்து விடுகிறது. அந்தப் பல் நம் குதிகாலில் பதிந்த கதையையும், அதனால் நமக்குக் கிடைத்த சில ஞானங்களையுமே இங்கே சொல்லப் போகிறோம்.

நாம் இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர உபாத்தியாயர். நாற்பது வயதைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகின்றன. சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர் என்று பெயர்ப் பலகை சொல்லும். காலைப் பொறுத்த மட்டில் நாம் வெகு எளிய மனிதர். இத்தனை வருஷ காலமும் ஒரு ஜோடி சாதாரணச் செருப்பே நம்மைத் தாங்கி வந்திருக்கிறது. அப்படியிருக்க, சென்ற ஆடி மாதத்தில், தேசிய மாணவர் படையைக் கவனித்து வந்த சக ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதியவர் வரும் வரையில் பையன்களை மேய்க்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. தலையில் விழுந்த பொறுப்பு காலைக் கடிக்கும் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

தற்காலிகப் பொறுப்பாளருக்கு உத்தியோகச் சீருடை கிடையாது. ஆகவே பூட்ஸ் போட்டே தீரவேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அறுபது பையன்கள் பளபளவென்று கறுப்புப் பூட்ஸ் அணிந்து 'தட், தட்' என்று தரை அதிர நடக்கும்போது, அவர்களுக்குத் தலைவராக நிற்பவர் 'சரக், சரக்' என்று செருப்பை இழுத்துக்கொண்டு போவது நன்றாகவா இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக்குப் போய், இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, கணுக்கால் வரையில் ஏறும் கனத்த தோல் பூட்ஸ் ஒன்றை வாங்கி வந்தோம். கடையில் போட்டுப் பார்த்தபோதே கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. "போடப் போட விரிஞ்சு குடுக்கும், சார்" என்றார் கடைப் பையன். உலகத்தில் எத்தனையோ பொய்கள் உண்டு. அவற்றில் இது பாதிப் பொய். ஆகையால் முழுப் பொய்யைவிட அபாயகரமானது.

"என்னங்க இது? வாத்தியார் வேலை போதாதென்று போலீஸ் வேலைக்கும் மனுப் போட்டிருக்கிறீர்களா?" என்று வீட்டில் வரவேற்புக் கிடைத்தது. அதைப் பொருட்படுத்தாமல், மறுநாள் காலை ஆறு மணிக்கே பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். முதல் சுற்றில் ஒரு கம்பீரம் இருந்தது. இரண்டாவது சுற்றில் குதிகாலில் ஏதோ சுருக்கென்றது. மூன்றாவது சுற்றில் சுண்டுவிரலும் அதனோடு சேர்ந்து கொண்டது. நான்காவது சுற்றில் 'இடது, வலது' என்று நாம் கத்திய குரலில் ஒருவிதப் பரிதாபம் கலந்து, பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தார்கள். வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால், வலது குதிகாலில் அரை நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொப்புளம்!

நொண்டுகிறவனைக் கண்டால் நம்மவர்களுக்கு வைத்தியம் சொல்லாமல் இருக்க முடியாது. "ராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊற வையுங்கள். பட்டாளத்தில் அப்படித்தான்" என்றார் ஒரு நண்பர். "தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள்" என்றார் கணித ஆசிரியர். "நல்ல வெயிலில் காய வைத்தால் வழிக்கு வரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். யார் மனமும் நோகக் கூடாது என்பதற்காக மூன்றையும் வரிசையாகச் செய்தோம். ஊற வைத்தோம்; எண்ணெய் பூசினோம்; மொட்டை மாடியில் இரண்டு நாள் காய வைத்தோம். இராமநாதபுரத்து வெயிலைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், பாம்பன் கரையில் காயும் கருவாடுபோல் பூட்ஸ் முறைத்துக்கொண்டு நின்றது. தட்டினால் பலகையைத் தட்டியது போன்ற சத்தம். எண்ணெய் வாசனைக்கு எறும்புகள் வேறு படையெடுத்திருந்தன. அவை நம் மாணவர்களைவிட ஒழுங்காக அணிவகுத்துச் சென்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அரண்மனைப் பக்கம் போகும் வழியில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அதன் அடியில் சாக்கை விரித்துக்கொண்டு ஒரு பெரியவர் செருப்புத் தைத்துக்கொண்டிருப்பார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அவர் முன்னால் மூன்று கிளையுள்ள இரும்புக் கால் ஒன்று, தோல் சீவும் கத்தி, குத்தூசி, மெழுகு ஏற்றிய நூல், இரண்டு மூன்று பாலிஷ் டப்பா. இவ்வளவுதான் சொத்து. இருபது வருஷமாக அந்த வழியே தினம் இரண்டு தடவை போய் வந்திருக்கிறோம். அறுந்த வாரைத் தைக்கக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அவரோடு இரண்டு வார்த்தை பேசியதில்லை. அன்று நமது கருவாட்டை அவர் முன்னால் வைத்தோம்.

பெரியவர் அதைக் கையில் எடுக்கவே இல்லை. "காலைக் காட்டுங்க ஐயா" என்றார்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கையை நீட்டியதும், காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டோம். தகப்பனார் வயதுள்ள ஒருவர் நம் காலைத் தொடுவதா என்ற கூச்சம் என்று அப்போது நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அது மட்டும்தானா என்று பிற்பாடு யோசித்ததில், நிச்சயமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பெரியவர் சிரித்தார். "காலைப் பாக்காம ஜோட்டைப் பாத்து என்ன பிரயோசனம்? கடிச்சது ஜோடுன்னு சொல்லுவாக. பாதி நாளு கால் போய் ஜோட்டைக் கடிச்சிருக்கும்" என்றார்.

அவர் நம் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். நாலு எட்டு நடக்கச் சொல்லிப் பார்த்தார். பூட்ஸை எடுத்து உள்ளே விரலை விட்டுத் துழாவினார். "வெயில்ல போட்டீகளா?" என்று கேட்டார். குற்றவாளியைப்போல் தலையாட்டினோம். பிறகு அந்த மரத்தடியில், ஒரு வாரத்தில் நாலைந்து மாலைகள், சர்வகலாசாலையில் கற்காத ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டோம். நேயர்களில் பலருக்கு அது உபயோகப்படும் என்பதால் சுருக்கித் தருகிறோம்.

பூட்ஸ் வாங்க ஏற்ற நேரம் மாலை. பகலெல்லாம் நின்றும் நடந்தும் பாதம் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். காலை வேளையில் வாங்கினால், மாலையில் கடிக்கும் ஜோட்டைத்தான் வாங்குகிறோம். போடப்போகும் காலுறையை அணிந்துகொண்டு, நின்றபடியே பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். தோல் அகலத்தில் சிறிது இளகிக் கொடுக்கும். நீளத்தில் கொடுக்காது. கடைப் பையன் சொன்னதில் பாதி மெய் எது, பாதிப் பொய் எது என்பது இப்போது தெரிகிறதல்லவா?

வாங்கிய பின் முதல் நாளே அணிவகுப்புக்குப் போகக் கூடாது. வீட்டுக்குள் அரை மணி நேரம். மறுநாள் ஒரு மணி நேரம். அடுத்து கடைத்தெரு வரையில். இப்படிப் பத்துப் பதினைந்து நாள் பழக்க வேண்டும். மாட்டை வண்டிக்குப் பழக்குவதும் அப்படித்தான் என்றார் பெரியவர். கயிற்றைக் கணுக்காலில் இறுக்கியும், புறங்காலில் சற்றுத் தளர்த்தியும் கட்ட வேண்டும். குதிகால் உள்ளே ஏறி இறங்கி உரசுவதால்தான் கொப்புளம் வருகிறது. வந்த கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் சுத்தமான துணிப் பிளாஸ்திரி போட்டு, ஆறும் வரையில் பழைய செருப்புக்குத் திரும்பிவிட வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டும் 'போகப் போகச் சரியாகும்' என்று ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குக் காற்புண் விளையாட்டுக் காரியமல்ல.

"தோல் செத்துப் போச்சுன்னு நினைக்கிறீக. தோலுக்குத் தாகம் இருக்கு ஐயா. ரொம்பக் குடுத்தாலும் ஆகாது, குடுக்காம விட்டாலும் ஆகாது" என்று பெரியவர் ஒருநாள் சொன்னார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினோம். விஞ்ஞானமும் அதையேதான் நீளமாகச் சொல்கிறது. தோல் என்பது நுண்ணிய நார்கள் நெருக்கமாகப் பின்னிய பின்னல். அந்த நார்களுக்கிடையே கொஞ்சம் கொழுப்புப் பசை இருக்கும் வரையில் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைந்து கொடுக்கும். நன்றாக நனைத்து வெயிலிலோ அடுப்பங்கரையிலோ உலர்த்தினால், நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துப் போகும். எண்ணெயைக் கொட்டினாலோ பின்னல் தொய்ந்து, மேலே பாலிஷ் பிடிக்காது. பெரியவர் நம் பூட்ஸுக்குச் செய்த சிகிச்சை இதுதான்: ஈரத் துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் வைத்து, துணியில் ஒற்றிய விளக்கெண்ணெயை மெல்லியதாக மூன்று முறை தேய்த்தார். சுண்டுவிரல் முட்டும் இடத்தில் உள்ளிருந்து ஒரு வழுவழுப்பான கட்டையால் அழுத்தி அழுத்திக் குழி எடுத்தார். குதிகாலின் விறைப்பைக் கையாலேயே பிசைந்து ஒடித்தார். ஒரு வாரத்தில் கருவாடு மறுபடியும் தோலாயிற்று!

இந்தத் தோல் வித்தையில் நம் தமிழ் நாடு இலேசுப்பட்டதல்ல. 'தொடுதோல்' என்று காலணிக்குச் சங்க காலத்திலேயே பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையனின் பாதத்தில் செருப்புப் பதிந்த வடுவைப் புலவர் கண்டு சொல்லியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் ஜோடு கடித்துத்தான் இருக்கிறது என்று அறிந்தபோது, நம் கொப்புளத்துக்குச் சற்று ஆறுதல் ஏற்பட்டது. ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட நம் தோல், வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர், குரோம் உப்பால் விரைவாகப் பதனிடும் புதிய முறையைப் பரிசோதித்தார். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தேசிய மாணவர் படையும் அதே 1948-இல்தான் தோன்றியது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலிருந்து காலணிகள் உலகமெங்கும் செல்கின்றன. இதையெல்லாம் வகுப்பில் ஒருநாள் பெருமையோடு சொன்னோம். சொல்லாமல் விட்ட ஒரு பக்கம் இருந்தது. அதுவும் அந்த மரத்தடியில்தான் நமக்குத் திறந்தது.

ஐந்தாவது மாலை என்று ஞாபகம். பூட்ஸை வாங்கிக்கொள்ளப் போனோம். பெரியவர் பக்கத்தில் ஒரு பையன் குந்தி உட்கார்ந்து யாருடைய ஜோட்டையோ தேய்த்துக்கொண்டிருந்தான். நம் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். நம் படையில் மூன்றாம் வரிசையில் நிற்பவன்! கரி படிந்த இரண்டு கைகளையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"எம் பேரன்" என்றார் பெரியவர்.

அந்தப் பையனை நமக்கு நன்றாகத் தெரியும். அறுபது ஜோடி பூட்ஸிலும் அவனுடையதைப் போல் பளபளப்பது வேறு இல்லை. ஒருநாள் அணிவகுப்பில் அவனை முன்னுக்கு அழைத்து, எல்லோரும் பார்க்கக் காட்டி, "இதற்கு யார் பாலிஷ் போட்டது?" என்று கேட்டோம். "கடையில குடுத்தோம், சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். 'தானே செய்யத் தெரியவில்லை பார்' என்று நாம் அப்போது ஒரு சிறு உபதேசம்கூடச் செய்தோம்! அந்த உபதேசம் இப்போது நினைவுக்கு வந்து, புதுப் பூட்ஸைவிட அதிகமாகக் கடித்தது. நாம் முதல் நாள் நொண்டியபோது, சிரிக்காமல் நம் குதிகாலையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். மருந்து அவனுக்குத் தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்போமே!

பையன் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நகர்ந்து போனான். பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பள்ளிக்கூடத்துல சொல்லிராதீக ஐயா. பய சங்கடப்படுவான்" என்றார். பிறகு ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார்: "எங்கப்பாரு தைச்ச ஜோட்டைப் போட்டு ஊரே நடந்துச்சு. அவரு ஒரு ஜோடு தனக்குன்னு தைச்சு வச்சிருந்தாரு. ஊருத் தெருவு வந்துட்டா கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிருவாரு. தெருவு தாண்டித்தான் கால்ல போடணும். அது தேயவே இல்ல ஐயா. அவரு செத்தப்பவும் புதுசாத்தான் இருந்துச்சு."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. தோலைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். நமக்குத்தான் பதில் வரவில்லை.

அன்றிரவு நாம் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தோம். ஜே. எச். ஹட்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியாவின் ஜாதி முறையைப் பற்றி எழுதி 1946-இல் வெளிவந்த நூல் அது. 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், இதே இராமநாதபுரம் ஜில்லாவில், ஆதி திராவிட மக்கள் மீது ஊர் ஆதிக்கக்காரர்கள் விதித்த எட்டுத் தடைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று போகிறது அந்த ஜாபிதா. எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு அணியவும் கூடாது. நாம் சரித்திரம் படித்தவர். இருபது வருஷமாகச் சரித்திரம் போதிப்பவர். அந்தப் பக்கத்தை மாணவப் பருவத்திலேயே படித்து, அடியில் கோடும் போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டுக்கும் வேப்பமரத்துக்கும் அரை மைல் தூரம்கூட இல்லை என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

நம் ஜனங்கள் காலணிக்கு மரியாதை தெரியாதவர்களா? பரதன் இராமனுடைய பாதுகையைத் தலையில் தாங்கி, சிம்மாசனத்தில் வைத்து, பதினான்கு வருஷம் இராஜ்யபாரம் நடத்தினான் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? வேதாந்த தேசிகர் பாதுகையின் பெருமையைப் பற்றியே ஆயிரத்தெட்டு சுலோகம் பாடியிருக்கிறார். இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதத்தின் மேலே இராமர் பாதத்தைச் சேவிக்க நாள்தோறும் ஜனங்கள் படியேறுகிறார்கள். பாதத்தை வணங்கினோம், பாதுகையை வணங்கினோம், பாதுகாப்பான ஜோடு தைத்துத் தந்த கையை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்தினோம். பாதுகை மரத்தாலானது, ஜோடு தோலாலானது என்று யாராவது சாஸ்திரம் பேசலாம். முள் குத்தும்போது கால் அந்தச் சாஸ்திரத்தைப் பார்ப்பதில்லை.

காந்திஜியின் நினைவும் அப்போது வந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே 1910-இல் அவர் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அங்கே வாழ்ந்த சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. அவருடைய நண்பர் காலன்பாக், மரியன்ஹில் என்ற ஊரிலிருந்த கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்திஜி கற்றார். காந்திஜியிடமிருந்து மற்றவர்கள் கற்றார்கள். தம்மைச் சிறையிலடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கே, சிறையில் தாம் தைத்த செருப்பை 1914-இல் பரிசாகக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். மகாத்மாவின் எழுபதாம் பிறந்த நாளான 1939-இல் ஸ்மட்ஸ் அதைப் பற்றி மனமுருகி எழுதினார். இவையெல்லாம் நேயர்கள் அறிந்த விஷயமே. ஆனால் உபாத்தியாயராகிய நமக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. உபாத்தியாயர்கள் தாங்கள் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்பது அந்தப் பண்ணையில் விதி.

அடுத்த சனிக்கிழமை அணிவகுப்பு முடிந்ததும், அறுபது பேரையும் மரநிழலில் வட்டமாக உட்காரச் சொன்னோம். நாமும் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினோம். "இன்றைக்கு எல்லோரும் அவரவர் ஜோட்டுக்கு அவரவரே பாலிஷ் போட வேண்டும். முதலில் நாம் போடுகிறோம்" என்று சொல்லி, டப்பாவைத் திறந்து, பிரஷ் நிறைய மையை எடுத்து அப்பினோம். பெரியவர் செய்தபோது வெகு சுலபமாகத் தோன்றிய காரியம், நம் கையில் சேறு பூசுவதுபோல் ஆயிற்று. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புக்குப் பதிலாகத் திட்டுத் திட்டாக அழுக்குத்தான் தெரிந்தது. பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம்!

வேண்டுமென்றே அப்படிச் செய்தோம் என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். அவ்வளவு சாமர்த்தியம் நமக்குக் கிடையாது. நிஜமாகவே வரவில்லை.

மூன்றாம் வரிசைக்காரன் முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பிறகு நம் கையைப் பார்த்தான். தெரிந்த வேலையை ஒருவர் கெடுப்பதைத் தொழில் தெரிந்தவன் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? "அப்படி இல்ல, சார்" என்று எழுந்து வந்துவிட்டான். பிரஷை வாங்கிக் கீழே வைத்தான். ஈரத் துணியால் நாம் அப்பியதையெல்லாம் துடைத்தெடுத்தான். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, டப்பாவை மெல்லத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தான். காய விட்டான். பிரஷால் தட்டினான். ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் வட்டம் போட்டான். மூக்கு நுனியில் வேப்பங்கிளையின் நிழல் தெரிந்தது.

"எங்கடா கத்துக்கிட்ட?" என்று யாரோ கேட்டான்.

நமக்கு நெஞ்சு திக்கென்றது. பெரியவருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பேச்சை மாற்றுவதற்காக வாயைத் திறந்தோம். அதற்குள் பையன், கையிலிருந்த துணியை விடாமல், "எங்க தாத்தாகிட்ட" என்றான்.

ஒரு கணம் பேச்சில்லை. பக்கத்திலிருந்த ஒருவன் சிறிது நகர்ந்து உட்கார்ந்தான். அதையும் நாம் பார்த்தோம். எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று எழுத நமக்கு ஆசைதான், ஆனால் அது உண்மையாக இராது. அடுத்த கணம் இன்னொருவன் தன் பூட்ஸை நீட்டி, "எனக்கும் போட்டுக் குடுடா" என்றான். "போட்டுத் தர மாட்டேன். வேணுமின்னா கத்துத் தர்றேன், உக்காரு" என்றான் நம்மவன். அந்த நிமிஷத்தில் அங்கே உபாத்தியாயர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

தை மாதத்தில் படையைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் சென்றோம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையில் ஒன்பதரை கிலோமீட்டர். 2017-இல் திறந்த தார்ச்சாலை இருபுறமும் கடலோடு நீளுகிறது. பழைய மாதா கோவில் சுவர்களின் அருகே நின்று, 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலையும், அலையில் போன ரயிலையும் பற்றிச் சொன்னோம். முனையில் நின்றபோது ஓர் அலை குறும்பாக ஏறி வந்து எல்லோருடைய பூட்ஸையும் நனைத்துவிட்டுப் போயிற்று. நமக்குக் கொப்புளம் வரவில்லை. ஜோடு நம் காலை ஏற்றுக்கொண்டுவிட்டது.

திரும்பும் வழியில் நம்மவன் குரல் கேட்டது. "உப்போட காய விடாதீங்கடா! வெள்ளைக் கோடு விழுந்து தோல் வெடிச்சிரும். நல்ல தண்ணியில துணிய நனைச்சுத் துடைங்க. உள்ள பேப்பர் சுருட்டி வச்சு நிழல்ல போடுங்க" என்று படை முழுவதற்கும் உத்தரவு பிறப்பித்துக்கொண்டிருந்தான். கடற்கரை ஜில்லாவாசிகள் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய உத்தரவு அது. கடல் நீரின் உப்பு தோலுக்குள் ஊறி, காயும்போது கல்லாக இறுகி நார்களை அறுக்கிறது. அதோடு இன்னும் இரண்டு சொல்லி வைக்கிறோம். ஒரே ஜோட்டைத் தினமும் போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால், வியர்வை உலர்ந்து இரட்டிப்புக் காலம் உழைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றாட வெளியே வைக்க வேண்டும்.

மாலையில் இராமேசுவரம் கோவில் வாசலில் அறுபத்தோரு ஜோடிகளையும் கழற்றி வரிசையாக வைத்தோம். நம்முடையது எது, பையன்களுடையது எது என்று தெரியாதபடி எல்லாம் ஒன்றுபோல் பளபளத்தன. வெறுங்காலோடு பிராகாரத்தில் நடந்தபோது, குளிர்ந்த கல் பட்டு, வலது குதிகாலில் பழைய கொப்புளத்தின் இடம் இலேசாக உறுத்தியது. தொட்டுப் பார்த்தோம். ஒரு சிறு வடு நிலைத்துவிட்டது.

இதை எழுதலாமா என்று பெரியவரிடமும் பேரனிடமும் கேட்டோம். பெரியவர் யோசித்து, "பேர் போடாம எழுதுங்க" என்றார். பேரன், "விளக்கெண்ணெய் மறந்துராதீங்க, சார்" என்றான். இரண்டு கட்டளைகளையும் நிறைவேற்றியிருக்கிறோம்.